ஒற்றை வழித் தீவு

கப்பலில் எல்லோரும் அவரைக் கண்ணாடியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள், அவர் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் தடித்த கண்ணாடியைப் பார்த்துவிட்டு அதனால் வந்த பெயர் என்று நினைத்துக்கொள்வார்கள். மூக்குக் கண்ணாடி பிற்பாடு வந்தது. பெயர் அதற்கும் பல வருஷம் முந்தியது. கடலுக்கு அடியில் கிடக்கும் கேபிளுக்குள் தலைமுடி கனத்தில் கண்ணாடி இழைகள் ஓடுகின்றன. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகிற பேச்சு, படம், பரீட்சை முடிவு, கல்யாணப் பத்திரிகை எல்லாமே பெரும்பாலும் அந்த இழைக்குள் வெளிச்சமாகத்தான் ஓடுகிறது. கேபிள் அறுந்தால் கப்பலில் போய், இரண்டு நுனியையும் தூக்கி, இழையோடு இழையை உருக்கி ஒட்ட வேண்டும். அக்கா செய்த வேலை அதுதான்.

அதற்கு முன்னால் லென்ஸ் செய்யும் ஆலை ஒன்றில் வேலை பார்த்தார். கேபிள் கம்பெனிக்காரர்கள் ஆள் தேடி அங்கே வந்தபோது, வரிசையில் நின்ற ஒவ்வொருவர் கையிலும் ஒரு இழையைக் கொடுத்து மேலுறையை உரிக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் கையில் அது பட்டுப் பட்டென்று ஒடிந்தது. அக்கா கையில் ஒடியவில்லை. வீட்டில் கொஞ்சம் முணுமுணுத்தார்கள், பொம்பளப் பிள்ளைக்குக் கப்பலில் என்ன வேலை என்று. அக்கா பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எங்கள் தீவுக்கு அவர் வந்ததும் வேலை விஷயமாகத்தான். துறைமுகத்திலிருந்து கப்பல் ஆட்களை ஊருக்குள் ஏற்றிக்கொண்டு போக ஒரு வேன் வரும். அதை ஓட்டியவர் வாய் ஓயாமல் பேசுகிற மனிதர். முதல் நாள் பேச்சு அக்காவுக்கு எரிச்சலாக இருந்தது. அடுத்த தடவை கப்பல் வந்தபோது வேறு வேன் வந்து நின்றது. அன்றைக்கு அக்காவுக்கு வழி முழுக்க வெறிச்சென்று இருந்ததாம். அப்புறம் கல்யாணம் ஆயிற்று. வேன்காரர் துறைமுக வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்கூட வேன் வாங்கினார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஆனால் காலையும் மாலையும் அந்த வேன் நிறையப் பிள்ளைகள் இருந்தார்கள். ஒவ்வொருத்தருக்கும் அவர் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார். அழுகிற பிள்ளைக்கு முன் சீட்டு என்பது அவர் சட்டம்.

எங்கள் தெருக்கோடியில்தான் வீடு. ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் இவர்கள், அந்தப் பக்கம் வேன்காரரின் அக்கா. அந்த அம்மாளுக்கு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை. கணவர் போய்ச் சேர்ந்து நாளாயிற்று. தம்பியைத் தூக்கி வளர்த்தவர், அதனால் தம்பி பெண்டாட்டியை அதட்டும் உரிமை தனக்கு உண்டு என்று நினைப்பவர். "கப்பல்ல போற பொண்ணு, கல்யாணமாவது நிலத்துல பண்ணிக்கிட்டாளே" என்று சொல்லிச் சிரிப்பார். கண்ணாடியக்கா அவரை அண்ணி என்று கூப்பிடுவார். இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவும் செய்யும், முட்டிக்கொள்ளவும் செய்யும்.

வேன்காரருக்கு மனைவியின் வேலை என்னவென்று ரொம்ப நாள் பிடிபடவில்லை. ஒரு நாள் மாடியில் துணி காயப்போடும்போது கேட்டார்.

"நெட்டு மேல இருந்துதானே வருது? டவரெல்லாம் வானத்தைப் பாத்துக்கிட்டு நிக்குதே. நீ என்னமோ கடலுக்குள்ள இருந்து வருதுங்கிற."

"டவர்ல இருந்து உங்க போனுக்கு வர்ற கொஞ்ச தூரம்தாங்க காத்துல. டவர் காலடியில போய்ப் பாருங்க, ஒரு கேபிள் மண்ணுக்குள்ள இறங்கும். அது கடற்கரை ஸ்டேஷனுக்குப் போகும். அங்கிருந்து கடல்."

"அப்ப நான் பாக்குற சினிமா எங்க இருக்கு?"

"எங்கயோ தூரத்துல ஒரு கட்டடம். குளுகுளுன்னு ஏசி போட்ட ரூமுக்குள்ள வரிசையா கம்ப்யூட்டர். அதுல ஒண்ணுல இருக்கும். நீங்க கேட்டா அனுப்பி வைக்கும்."

"முழுப் படத்தையுமா தூக்கி அனுப்பும்?"

"முழுசா அனுப்பாது. துண்டு துண்டா வெட்டி, ஒவ்வொரு துண்டு மேலயும் எங்க போகணும்னு விலாசமும், இது எத்தனாவது துண்டுன்னு நம்பரும் எழுதி அனுப்பும். ஸ்கூல் பிள்ளைங்க எல்லாரையும் சுற்றுலா கூட்டிட்டுப் போறீங்கன்னு வைங்க. ஒரே வேன்ல அடங்குமா? ஏழெட்டு வேன்ல ஏத்துறோம். ஒரு வேன் பாலம் வழியா போகும், இன்னொண்ணு சந்தை வழியா போகும். முன்ன பின்னதான் போய்ச் சேரும். அங்க டீச்சர் நம்பர் பாத்து வரிசையா நிக்க வெச்சுடுவாங்க."

"ஒரு பிள்ளை தொலைஞ்சா?"

"அந்த நம்பரை மறுபடி அனுப்புன்னு கேக்கும். அனுப்புவாங்க."

வேன்காரர் கையிலிருந்த சட்டையைக் கொடியில் போடாமல் நின்றார். "தொலைஞ்ச பிள்ளைக்குப் பதிலா இன்னொரு பிள்ளையா? பெத்தவங்க என்னைச் சும்மா விடுவாங்களா?"

"அங்கதாங்க வித்தியாசம். நாங்க அனுப்புறது நகல். அசல் கிளம்புன இடத்துலயே பத்திரமா இருக்கும்."

"அப்ப உங்க பொழப்பு சுலபம்" என்றார் வேன்காரர். சட்டையை உதறிப் போட்டார்.

அன்றைக்கே அக்கா இன்னொன்றும் சொன்னார். பெரிய ஊர்களுக்கெல்லாம் நாலைந்து கேபிள் வந்து சேர்கிறது. ஒன்று அறுந்தால், நடுவில் வழிகாட்டி மாதிரி உட்கார்ந்திருக்கும் கருவிகள் துண்டுகளைத் தாமாகவே வேறு வழியில் திருப்பிவிடும். பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் தீவுக்கு மட்டும் வந்தது ஒரே ஒரு கேபிள். இன்னொன்று போடச் சொல்லி ஊரார் கேட்டதுண்டு. இவ்வளவு சின்ன ஊருக்கு ஒன்றே அதிகம் என்று பதில் வந்தது.

"ஒத்த வழியோட கஷ்டம் வேன் ஓட்டுறவனுக்குத் தெரியும்மா. பாலம் உடைஞ்சா அன்னைக்கு ஸ்கூல் லீவு" என்று வேன்காரர் அதையும் சிரிப்பாக்கினார்.

அக்கா கப்பலில் இருக்கும் நாட்களில், காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு வேன்காரர் உப்புக்கிடங்குச் சாலையில் ஒரு மரத்தடியில் வேனை ஓரங்கட்டி வீடியோ கால் போடுவார். முக்கியமாக ஒன்றும் பேசமாட்டார்கள். அவர் கேமராவைத் திருப்பிச் சாலையைக் காட்டுவார். ஒரு நாய் தூங்குவதைக் காட்டுவார். யார் யார் வேனில் வாந்தி எடுத்தார்கள் என்று சொல்லுவார். அக்கா கப்பலின் சாப்பாட்டு அறையில் தட்டோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். பக்கத்தில் இருப்பவர்களுக்கும் அந்தப் பிள்ளைகளின் பட்டப்பெயர்கள் எல்லாம் அத்துப்படி.

அந்த வருஷம் காற்றும் மழையும் கடுமையாக இருந்தன. புயலுக்கு ஒதுங்கிய சரக்குக் கப்பல் ஒன்று எங்கள் கரையிலிருந்து வெகு தூரம் தள்ளி, ஆழம் குறைந்த திட்டு ஒன்றில் நங்கூரம் போட்டது. காற்று கப்பலைத் தள்ளத் தள்ள, நங்கூரம் கடல் தரையை உழுதுகொண்டே போய்க் கேபிளில் மாட்டியது. மாட்டியதை இழுத்தும்விட்டது.

ஊரில் முதலில் யாருக்கும் விளங்கவில்லை. போனில் சிக்னல் கோடுகள் முழுசாக நின்றன, ஆனால் எதுவும் திறக்கவில்லை. உள்ளூருக்குள் பேச முடிந்தது, தீவைத் தாண்டி ஒரு சொல் போகவில்லை. வேடிக்கை என்னவென்றால் பள்ளிக்கூடத்து இணையதளமும் திறக்கவில்லை. அது இருந்த கம்ப்யூட்டர் பள்ளிக்கூட மாடியிலேயேதான் இருந்தது. ஆனால் நாம் தட்டுகிற பெயருக்கு உரிய எண் என்ன என்று சொல்லும் கம்ப்யூட்டர் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. எதிர்வீட்டுக்காரர் கதவு எண்ணை வெளிநாட்டில் போய்க் கேட்டுவிட்டு வருவது போலத்தான் இத்தனை நாளும் நடந்துகொண்டிருந்தது என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

கடற்கரை ஸ்டேஷனில் மட்டும் அவசரத்துக்கு ஒரு செயற்கைக்கோள் இணைப்பு உண்டு. கப்பலோடு பேசிக்கொள்ள வைத்திருந்தது அது. ஒரே நேரத்தில் கொஞ்சம்தான் அதில் போகும், மழை மேகம் வந்தால் நின்றுவிடும். அந்த ஸ்டேஷனைப் பார்த்துக்கொண்டவரை ரயிலே இல்லாத எங்கள் ஊரில் எல்லோரும் ஸ்டேஷன் மாஸ்டர் என்பார்கள். அக்காவின் கப்பல் வேறு எங்கோ ஒரு வேலையில் இருந்தது. அதை முடித்துவிட்டு, மாற்றுக் கேபிளை ஏற்றிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பியது. வழியில் அக்கா, ஸ்டேஷன் மாஸ்டரிடம் வேலைப் பேச்சு முடிந்ததும், "எங்க வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார்.

"காலையிலதான் பாத்தேன்கா. பின்கதவுத் தாழ்ப்பாளைச் சரி பண்ணிட்டாராம், உங்ககிட்ட சொல்லச் சொன்னார்."

அதுதான் வேன்காரரிடமிருந்து அவருக்கு வந்த கடைசிச் சேதி.

கப்பல் அறுந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. கடலில் கொக்கி போட்டு இழுத்து ஒரு நுனியை எடுத்து, சோதித்து, மிதவையில் கட்டிவிட்டார்கள். அடுத்த நுனியைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் கேப்டன் அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். நரைத்த மனிதர். சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

"உக்காரும்மா."

"நிக்கிறேன் சார். என்ன விஷயம்?"

"உங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில இருக்கார். தலைக்குள்ள ரத்தக்கசிவுன்னு சொல்றாங்க. உயிர் இருக்கு. நினைவு இல்ல."

காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, உப்புக்கிடங்குச் சாலை மரத்தடியில் வேனை ஓரங்கட்டியிருக்கிறார். பேச வழியில்லாத நாளிலும் அங்கே நிறுத்தும் பழக்கம் போகவில்லை. கை பிரேக்கைப் போட்டுவிட்டுத்தான் சாய்ந்திருந்தார் என்றார் அவரைப் பார்த்துத் தூக்கிவந்தவர்.

"ஸ்கேன் எடுத்தாங்களா சார்?"

"எடுத்துட்டாங்க. ஆனா..."

ஆனா என்பதற்கு மேல் அக்காவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எங்கள் மருத்துவமனையில் தலையைத் திறக்கத் தெரிந்த டாக்டர் இல்லை. முன்பெல்லாம் இப்படி ஒரு கேஸ் வந்தால் ஸ்கேனைக் கடலுக்கு அந்தப் பக்கத்துப் பெரிய டாக்டருக்கு அனுப்புவார்கள். அவர் பார்த்துவிட்டு, திரையில் இருந்தபடியே எங்கே துளை போட வேண்டும் என்று சொல்லச் சொல்ல எங்கள் ஊர் சர்ஜன் செய்வார். அப்படிப் பிழைத்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள். இப்போது படத்தை அனுப்ப வழியில்லை. பயணிகள் படகும் அலை அடங்கும் வரை ஓடாது.

ஸ்டேஷன் மாஸ்டர் தன் அவசர இணைப்பை மருத்துவமனைக்குத் திறந்துவிட்டிருந்தார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. டாக்டர்கள் குரலில் பேசிக்கொண்டார்கள். ஸ்கேன் படத்தைப் போனில் போட்டோ பிடித்தும் அனுப்பினார்கள். இதை வைத்துக்கொண்டு கத்தி வைக்கச் சொல்ல மாட்டேன், முழு ஸ்கேன் வேண்டும் என்றார் பெரிய டாக்டர். முழு ஸ்கேன் பெரியது. அந்தச் சின்ன இணைப்பில் அது துண்டு துண்டாக ஊர்ந்தது. பாதி போகும், மேகம் வரும், இணைப்பு அறுந்துவிடும். மருத்துவமனை மென்பொருளோ விட்ட இடத்திலிருந்து தொடராது. முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

"கரைக்குப் போகணும்னா ஒரு பகல் ஓடணும்" என்றார் கேப்டன். "கப்பல் போனா இந்த வேலை நிக்கும். ஒட்டுறதுக்கு இன்னொரு ஆள் இருக்கார். உங்களால முடியலைன்னா நீங்க ரூம்ல இருங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அக்கா தலையை ஆட்டி மறுத்தார்.

"அவர் நல்லா ஒட்டுவார் சார். ஆனா நிதானமா ஒட்டுவார். நானே ஒட்டுறேன்."

இரண்டாவது நுனி மேலே வந்த மறுநாள் காலை அக்கா ஒட்டும் அறைக்குள் போனார். கப்பலில் அது ஒன்றுதான் தூசி இல்லாத அறை. ஜன்னல் கிடையாது, கதவில் மட்டும் ஒரு கண்ணாடிச் சதுரம். உள்ளே வெள்ளை விளக்கு, நீளமான மேஜை, அதன் மேல் கேபிளின் இரண்டு நுனிகள் எதிரெதிரே பிடிகளில் இறுக்கப்பட்டுக் கிடந்தன. எஃகுக் கம்பிகளைப் பிரித்து, செம்புக் குழாயை வெட்டி, பசையைத் துடைத்தால் உள்ளே இழைகள். போகிற வெளிச்சத்துக்கு ஒன்று, வருகிற வெளிச்சத்துக்கு ஒன்று என்று ஜோடி ஜோடியாக இருக்கும். ஒவ்வொன்றையும் மேலுறை உரித்து, ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, நுனியை நேராக வெட்டி, இயந்திரத்தின் பள்ளத்தில் வைக்க வேண்டும். திரையில் இரண்டு நுனியும் இரண்டு தூண் மாதிரி பெரிதாகத் தெரியும். ஒரு மின்பொறி. இரண்டும் உருகி ஒன்றாகும். கொஞ்சம் சாய்ந்தாலும் வெளிச்சம் கசியும், வெட்டிவிட்டு மறுபடி செய்ய வேண்டும்.

அன்றைக்கு அக்கா ஒன்றைக்கூட மறுபடி செய்யவில்லை. கூட இருந்த இன்னொரு ஒட்டுக்காரர் பிற்பாடு எங்களிடம் சொன்னார். "அக்கா வாய்க்குள்ள ஏதோ சொல்லிக்கிட்டே இருந்தாங்க. சாமி கும்பிடுறாங்கன்னு நெனச்சேன். கிட்டப் போய்க் கேட்டா, வேன் பிள்ளைங்க பட்டப்பெயரை ஒண்ணொண்ணா சொல்லிக்கிட்டிருக்காங்க. இழைக்கு ஒரு பேர்."

மத்தியானம் கேப்டன் வந்து கதவுச் சதுரத்தின் வழியே பார்த்தார். அக்கா நிமிர்ந்து, எல்லாம் சரியாகப் போகிறது என்று கையை உயர்த்திக் காட்டினார். கேப்டனும் கையை உயர்த்தினார். உள்ளே வரவில்லை.

ஒட்டு முடிந்து, அதன் மேல் கவசம் வார்த்து, கேபிளைக் கடலுக்குள் இறக்கி, வழியில் வெளிச்சத்தைப் பெருக்கிவிடும் கருவிகளுக்குக் கரையிலிருந்து மின்சாரம் கொடுத்தபோது வெயில் சாய்ந்திருந்தது. சோதனை அறையில் திரையில் கோடு ஏறியது. ஸ்டேஷனிலிருந்து "வெளிச்சம் வந்தாச்சு" என்று குரல் வந்தது. வழக்கமாக இந்த இடத்தில் எல்லோரும் கைதட்டுவார்கள். யாராவது விசிலும் அடிப்பார்கள். அன்றைக்கு யாரும் தட்டவில்லை. அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லோரும் வேறு எங்கோ பார்த்தார்கள்.

அக்காவின் போன் அடித்தது. வீடியோ கால். தீவிலிருந்து, சற்று முன் அவர் ஒட்டிய இழை வழியாகவே கடலடியில் ஓடி, எங்கோ தூரத்து ஊரில் கரையேறி, அங்கிருந்து வானத்துக்கு ஏறிக் கப்பலில் இறங்கிய அழைப்பு அது. மறுமுனையில் நாத்தனார். சலவைப் பிரிவின் நீலச் சீருடையோடு ஸ்டேஷனில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணி, ஸ்கேன் போயிடுச்சா?"

"உக்காரும்மா முதல்ல. காலையில இருந்து நின்னுக்கிட்டே இருந்திருப்ப."

"உக்காந்துட்டேன். சொல்லுங்க, ஸ்கேன் போயிடுச்சா?"

"தம்பி போயிட்டான்மா."

அந்த நேரத்தில் தீவு முழுக்க எல்லோரும் ஒரே சமயத்தில் போனை எடுத்திருந்தோம். பிள்ளைகளிடம், அண்ணன் தம்பிகளிடம் நல்லா இருக்கோம் என்று சொல்ல. கேபிள் வந்த சந்தோஷத்தில் தெருவில் கூச்சல். அத்தனை பேர் பேச்சும் படமும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வாசலில் நின்றதில் துண்டுகள் தாமதமாயின. அக்காவின் திரையில் நாத்தனாரின் முகம் அப்படியே உறைந்து நின்றது. வாய் பாதி திறந்தபடி. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு குரல் மட்டும் வந்தது.

"...கேக்குதாம்மா? அழுறியா? எனக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்குது."

"எப்போ அண்ணி?"

"காலையில."

"காலையிலன்னா? நான் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியா?"

"முன்னாடிதான்."

அக்கா போனை மேஜை மேல் கவிழ்த்து வைத்தார். அணைக்கவில்லை. உள்ளிருந்து நாத்தனார் அழுவது ரொம்ப நேரம் கேட்டதாகச் சொன்னார்கள்.

நடந்தது இதுதான். அக்கா முதல் இழையைத் தொடுவதற்கு முன்பே வேன்காரர் இறந்துவிட்டார். ஸ்டேஷன் மாஸ்டர் கப்பலுக்குச் சேதி சொல்லப் போனபோது, நாத்தனார் அவர் எதிரில் வந்து நின்றார். "அவகிட்ட நான்தான் சொல்லுவேன். லைன் வந்ததும் என் மூஞ்சியப் பாத்துத்தான் அவ கேக்கணும். அதுவரைக்கும் யாரும் வாயத் திறக்கக்கூடாது." ஸ்டேஷன் மாஸ்டரால் அதை மீற முடியவில்லை. கேப்டனுக்கு மட்டும் மத்தியானம் விஷயத்தையும் நாத்தனார் சொன்னதையும் சேர்த்துச் சொன்னார். கேப்டனிடமிருந்து சாயங்காலத்துக்குள் கப்பலில் அக்காவைத் தவிர எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

கப்பல் மறுநாள் எங்கள் துறைமுகத்துக்கு வந்தது. அக்காவுக்காக இறுதிச் சடங்குகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சீருடையோடு தெருவின் இரண்டு பக்கமும் நின்றார்கள். அக்கா யாரையும் பார்க்கவில்லை. வீட்டுக்குள் போய் வேன்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் நெற்றியில் கை வைத்து எடுத்தார். பிறகு எழுந்து பின்கட்டுக்குப் போனார். தாழ்ப்பாள் போட்டு எடுக்கும் சத்தம் இரண்டு மூன்று தடவை கேட்டது.

எல்லாம் முடிந்து ஊரார் கலைந்தபோது நாத்தனார் பக்கத்தில் வந்தார். அக்கா கேட்டார்.

"ஏன் அண்ணி சொல்லல?"

"சொல்லியிருந்தா உன் கை நின்னிருக்குமா?"

"என்னை நம்பலையா நீங்க?"

"வார்டுல இன்னும் ஆளுங்க கெடந்தாங்கம்மா. பிறந்து நாலு நாளாகாத குழந்தை ஒண்ணு, மூச்சு வாங்கிக்கிட்டு. அதுக்கும் அந்தப் பக்கம் இருந்துதான் டாக்டர் பேச வேண்டியிருந்துச்சு. நான் துணி எடுக்கப் போனப்பல்லாம் அதோட அம்மா என்னையப் பாத்து, லைன் வந்துருச்சாங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. என் தம்பிய நீ திருப்பிக் கொண்டுவர முடியாது. நான் என்ன பண்ணட்டும்?"

"சொல்லியிருந்தாலும் நான் ஒட்டியிருப்பேன்" என்றார் அக்கா. "இல்ல, ஒட்டியிருக்க மாட்டேன். எனக்குத் தெரியல. ஆனா அது என்னோட முடிவா இருந்திருக்கும்ல? நாள் முழுக்க அவர் உயிரோட இருக்கார்னு நெனச்சுக்கிட்டு ஒட்டுனேன் அண்ணி."

நாத்தனார் திரும்பி நடந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம் வந்து போகும் வரை இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. நாத்தனார் அடுப்படியில் பாத்திரம் விழுந்தால் இந்தப் பக்கம் கேட்கும். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். அவ்வளவுதான் போக்குவரத்து. அந்தக் குழந்தை பிழைத்துக்கொண்டது. அதை இருவரில் யார் முதலில் கேள்விப்பட்டார்கள் என்று தெரியவில்லை.

அக்காவை இன்னொன்றும் அரித்தது. ஒரு நாள் மருத்துவமனைக்குப் போய், அன்றைக்கு இருந்த இளம் டாக்டரைப் பார்த்தார்.

"அன்னைக்கே ஸ்கேன் போயிருந்தா அவர் பிழைச்சிருப்பாரா டாக்டர்? உள்ளதைச் சொல்லுங்க."

டாக்டர் சொன்னார், "நீங்க கேட்டதால சொல்றேன். கேபிள் வந்ததும் எங்க மெஷின் ஸ்கேனைத் தானா அனுப்பிடுச்சு. அனுப்பாம நின்னதையெல்லாம் அது விடாம முயற்சி பண்ணிக்கிட்டே இருக்கும். நோயாளி இறந்துட்டார்னு அதுக்கு யாரும் சொல்லல. கொஞ்ச நேரத்துல அங்க இருந்து பெரிய டாக்டர் போன் பண்றார். ஆபரேஷன் பண்ணலாம், தியேட்டரை ரெடி பண்ணுங்க, நான் திரைக்கு வர்றேன்னு. நான்தான் எடுத்தேன்."

"பண்ணியிருந்தா?"

"பிழைச்சிருக்கலாம். பண்ணியும் போயிருக்கலாம். அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியலங்க."

அக்கா நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். மருத்துவமனை வாசல் பெஞ்சில் பொழுது சாயும் வரை உட்கார்ந்திருந்தார். சலவைப் பிரிவில் வேலை முடிந்து வந்த நாத்தனார் அவரைப் பார்த்தார். வந்து பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார். இருட்டும் முன் இரண்டு பேரும் எழுந்து, முன்னும் பின்னுமாக ஒரே வழியில் வீட்டுக்கு நடந்தார்கள். அடுத்த நாள் காலையில் நாத்தனார் சுவரைத் தட்டி, "ஏம்மா, தண்ணி வருது, பிடிச்சு வை" என்றார். அக்கா "சரி அண்ணி" என்றார். பேச்சு அப்படித்தான் திரும்பி வந்தது.

கப்பலுக்கு அக்கா திரும்பிப் போகவில்லை. கை லேசாக நடுங்க ஆரம்பித்திருந்தது. தேநீர் குடிக்கும்போது தெரியாது, இழையை எடுத்தால் தெரியும். கம்பெனியில் அவரைக் கடற்கரை ஸ்டேஷனுக்கு மாற்றினார்கள். வேலை திரைகளைப் பார்த்துக்கொண்டிருப்பது. எவ்வளவு வெளிச்சம் வருகிறது, எங்கே குறைகிறது, எந்தப் பக்கம் நெரிசல் என்று வண்ணக் கோடுகள் ஓடிக்கொண்டிருக்கும். ஸ்டேஷன் மாஸ்டர் தேநீர் வாங்கி வருவார். அந்தக் காலை நேரத்தைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதே இல்லை.

வேன்காரர் இறந்த பிறகு ஊர் சும்மா இருக்கவில்லை. வேன் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் எல்லோரும் சேர்ந்து ஒவ்வொரு ஆபீஸ் வாசலாக ஏறி இறங்கினார்கள். இரண்டாவது கேபிள் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பிள்ளைகள் வளர்ந்து வேனைத் தாண்டிப் போன பிறகுதான் அது வந்தது. தீவின் மறுபக்கத்துக் கரையில், வேறு திசையிலிருந்து. கரையில் அதன் முதல் இழையை ஒட்டச் சொல்லி அக்காவைக் கூப்பிட்டார்கள். மாட்டேன் என்றுவிட்டார். விழாவுக்கும் போகவில்லை.

போன வருஷம் பழைய கேபிள் மறுபடி அறுந்தது. எந்தக் கப்பலோ, என்ன காரணமோ. நல்ல பகல் நேரம், அக்கா திரை முன்னால் இருந்தார். ஒரு கோடு சிவப்பாகிக் கீழே விழுந்தது. கை தானாகப் போனை நோக்கிப் போயிற்று. அதற்குள் பக்கத்துக் கோடு உயர்ந்தது. வழிகாட்டிக் கருவிகள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டு, துண்டுகளை எல்லாம் மறுபக்கத்துக் கரைக்குத் திருப்பிவிட்டன. அக்கா எழுந்து ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தார். கடைத்தெருவில் ஒருவர் போனில் யாரையோ திட்டிக்கொண்டே நடந்தார். பேச்சு நிற்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வேன்கள் போய்க்கொண்டிருந்தன.

மாலையில் வீட்டுக்கு வந்தார். இப்போது இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். நாத்தனார் கீழே உட்கார்ந்து, கடல் கேபிள் வழியாக வருகிற ஏதோ ஒரு தொடரைப் பார்த்துக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, இன்னைக்கு மத்தியானம் கேபிள் அறுந்துச்சு."

"எது, நம்ம கேபிளா? எனக்குத் தெரியலையே. மத்தியானம் பூரா இது ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு."

"ஆமா, ஓடியிருக்கும்" என்றார் அக்கா. வாசற்படியிலேயே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். வேன்காரர் இறந்த நாளிலிருந்து மற்றவர் எதிரில் அக்கா அழுது யாரும் பார்த்ததில்லை.

நாத்தனார் மடித்த துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து தோளை அணைத்துக்கொண்டார். டிவியில் யாரோ சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நிறுத்தலாம் என்று நாத்தனார் எழப் போனார்.

"வேண்டாம் அண்ணி" என்றார் அக்கா. "ஓடட்டும்."